கேட்பவனுக்கும் கடவுள் உண்டு

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். வணக்கத்தை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வதற்கு அவை பொறுத்தருள வேண்டும். எதிரணியின் இரண்டாம் பேச்சாளராகிய அம்மையார் எங்கள் மீது வீசிவிட்டுப் போயிருக்கும் ஒரு கேலிக்குப் பதில் சொல்வதற்கே எனக்கு ஒதுக்கிய நேரம் போதுமா என்ற ஐயத்தோடுதான் நான் இங்கே வந்து நிற்கிறேன்.

எல்லாம் அறிந்த இறைவன் இருந்தும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கொள்ளைநோயும் நேர்கின்ற இவ்வுலகில், துன்பத்தின் முன்னால் மனிதன் செய்ய வேண்டியது பணிந்து ஏற்பதா, எதிர்த்துக் கேட்பதா என்பது தலைப்பு. நான் "கேட்பதே" அணி. கடவுள் இல்லை என்று நிறுவ நாங்கள் வரவில்லை என்பதை எதிரணித் தலைவர் அன்புகூர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். வராத அந்த வாதத்தை மறுப்பதிலேயே அவர் தம் உரையில் பாதியைச் செலவழித்துவிட்டார். இல்லாத ஒருவரிடம் போய் யாரும் நியாயம் கேட்பதில்லை.

இனி அந்தக் கேலி. "எதிரணியினர் ஊசியைக் கண்டதும் வீறிட்டு அழுது, மருத்துவரை அடிக்கக் கையை ஓங்கும் குழந்தைகள், கொஞ்சம் வளர்ந்தால் அந்த ஊசி தங்கள் நன்மைக்குத்தான் என்று அவர்களுக்கே புரியும்" என்றார் அம்மையார். அவை குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். கேலி நன்றாக இருந்தால் அது நம் மீதே விழுந்தாலும் சிரித்துவிடுவதுதான் மேடை நாகரிகம். ஆனால் சிரித்து முடித்தபின் அந்த மருத்துவரைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க அவர் எனக்கு அவ்வளவு நல்லவராகத் தெரியவில்லை.

உலகத்தில் எந்த மருத்துவரும் காய்ச்சலைத் தாமே உண்டாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் ஊசியோடு வந்து வாசலில் நிற்பதில்லை. அப்படி ஒருவர் இருப்பதாகத் தெரிந்தால் அவரை நாம் மருத்துவர் என்று அழைக்கமாட்டோம். அம்மையார் சொல்லும் மருத்துவரோ கிருமியையும் படைத்தவர், காய்ச்சலையும் படைத்தவர், ஊசி குத்தினால் வலிக்கும் தோலையும் படைத்தவர். வலியில்லாமல் குணப்படுத்தும் வல்லமையும் அவருக்கு உண்டு என்பது எதிரணியே ஏற்றுக்கொண்ட செய்தி. எல்லாம் வல்லவர் என்று அவர்கள்தாம் மூன்று முறை சொன்னார்கள். அது போகட்டும். நோயாளிக்கு ஊசி போடுபவர் மருத்துவர். நோயாளி, துணைக்கு வந்தவர், வழி கேட்க உள்ளே நுழைந்தவர் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுபவரை என்னவென்று சொல்வது? நிலநடுக்கத்தில் இடியும் கூரை நல்லவர், கெட்டவர், நேற்றுப் பிறந்தவர் என்று பிரித்துப் பார்த்து இடிவதில்லையே.

இவற்றையெல்லாம் கூட நான் விட்டுவிடத் தயார். அம்மையாரின் கேலியில் ஒரு சொல்லை மட்டும் என்னால் விட முடியவில்லை. "வளர்ந்தால் புரியும்" என்றார். ஊசி போட்டுக்கொண்ட குழந்தை உயிரோடு வீடு திரும்புகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, ஆமாம், அது என் நன்மைக்குத்தான் என்று புரிந்துகொள்கிறது. இடிபாட்டுக்குள் மூச்சுத் திணறி இறந்துபோன குழந்தை எப்போது வளரும், எப்போது புரிந்துகொள்ளும்? அந்தக் குழந்தையின் சாவால் ஊரார் பொறுமை கற்றார்கள், உறவினர் இரக்கம் கற்றார்கள், நாம் இங்கே கூடிப் பட்டிமன்றம் நடத்தக் கற்றோம் என்றால், நோயாளி இறந்துபோகப் பார்வையாளர் குணமடையும் வைத்தியம் அல்லவா அது? துன்பம் மனிதனைப் பண்படுத்துகிறது என்ற எதிரணியின் வாதம் பிழைத்தவருக்குப் பொருந்தும். இறந்தவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

எதிரணித் தலைவர் சொன்னவற்றில் ஒன்றை நான் மனமார ஏற்கிறேன். வலி என்பது உடலின் காவல்காரன் என்றார். உண்மை. வேலூரில் தொழுநோயாளிகளிடையே பணிபுரிந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அந்நோயாளிகளின் கைகால்களில் ஏற்படும் சிதைவுக்குப் பெரும் காரணம் உணர்ச்சி போய்விடுவதே என்பதை விளக்கிக் காட்டினார். சூடு தெரியாததால் விரல் கருகியது, முள் தெரியாததால் கால் அழுகியது. வலியில்லாத வாழ்க்கை வரமன்று என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால், எச்சரிக்கும் வலியை வைத்து எல்லா வலியையும் நியாயப்படுத்த முடியாது. ஆரம்பத்தில் ஒரு சிறு குத்தல்கூடக் காட்டாமல் மறைந்திருந்துவிட்டு, இனி ஒன்றும் செய்ய இயலாது என்ற நிலைக்குப் பிறகு இரவும் பகலும் வாட்டுகிற புற்றுநோயின் வலி எந்தக் காவலைச் செய்கிறது? திருடன் போன பிறகு கத்துகிற காவல்காரனுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

இப்போது அவையை 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு அழைத்துச் செல்கிறேன். நகரம் லிஸ்பன், போர்த்துகல் நாட்டின் தலைநகர். அன்று எல்லாப் புனிதர்களின் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. பக்தியுள்ள மக்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள்? தேவாலயத்தில் இருப்பார்கள், இருந்தார்கள். பீடம்தோறும் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. நிலம் அசைந்தது. கல்லால் கட்டிய உயர்ந்த கூரைகள், வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைமீது இறங்கின. தப்பியவர்கள் இடிகின்ற கட்டடங்களிலிருந்து விலகித் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அறிவுள்ள யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். சிறிது நேரத்தில் கடல் எழுந்து ஆற்றின் வழியே உள்ளே வந்து, அங்கே நின்றவர்களை வாரிக்கொண்டு போனது. நிலத்துக்கும் நீருக்கும் தப்பியவர்களுக்கு நெருப்பு காத்திருந்தது. கவிழ்ந்த விளக்குகளும் அடுப்புகளும் பற்றவைத்த தீ பல நாட்கள் நகரத்தைத் தின்றது. மாண்டவர் பல்லாயிரம் பேர்.

நடுவர் அவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கோயிலுக்குப் போனவர் தலையில் கூரை விழுந்தது. உயிர் பிழைக்க ஓடியவரை நீர் கொண்டது. திருநாளுக்கு ஏற்றிவைத்த விளக்கே நகரத்துக்குக் கொள்ளியானது. ஒரு கொடுங்கோலன் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது என்று தோன்றவில்லையா? அந்நாளைய ஐரோப்பாவுக்கும் தோன்றியது. அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1710-இல், லைப்னிட்ஸ் என்ற பேரறிஞர், அமையக்கூடிய உலகங்கள் எல்லாவற்றிலும் சிறந்த உலகத்தையே கடவுள் படைத்திருக்கிறார் என்று எழுதி, கற்றவர் பலரை நிம்மதியாகத் தூங்கவைத்திருந்தார். லிஸ்பன் அந்தத் தூக்கத்தைக் கலைத்தது. லண்டனையும் பாரிசையும்விட லிஸ்பன் அப்படி என்ன கூடுதலாகப் பாவம் செய்துவிட்டது, இங்கே நகரம் புதைந்து கிடக்கப் பாரிசில் நடனம் ஆடுகிறார்களே என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கவிதையிலே கேட்டார்.

விடை சொல்லவும் ஆட்கள் வந்தார்கள். பேரிடர் நடந்த இடத்தில் உதவிக்கு ஆள் குறைந்தாலும் விளக்கம் சொல்ல ஆள் குறைவதே இல்லை. நகரத்தில் மாற்றுச் சபையாரான புராட்டஸ்டண்டுகளைப் பொறுத்துக்கொண்டதால் வந்த தண்டனை என்றார்கள் கத்தோலிக்கப் போதகர் சிலர். கத்தோலிக்கராக இருந்ததால் வந்த தண்டனை என்றார்கள் புராட்டஸ்டண்ட் போதகர் சிலர். ஒரே நிலநடுக்கம், ஒரே கடவுள், ஒரே புனித நூல், ஆளுக்கொரு குற்றப்பத்திரிகை. மலக்ரிடா என்ற துறவி, காரணம் மண்ணுக்குள் இல்லை, நாடகமும் நடனமும் காளைப்போரும் பார்த்த உங்கள் பாவத்தில்தான் இருக்கிறது என்று நூலே வெளியிட்டார். எல்லோரும் விடை வைத்திருந்தார்கள். எவரிடமும் கேள்வி இல்லை.

கேள்வி ஒருவரிடம் இருந்தது. அவர் அந்நாட்டு அமைச்சர். பிற்காலத்தில் பொம்பால் கோமகன் என்று அறியப்பட்டவர். அவர் கொடுங்கோன்மை செய்தவர்தான், அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் செய்த ஒரு காரியம் எங்கள் அணிக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ள தேவாலயப் பங்குகளுக்கு ஒரு கேள்வித்தாளை அனுப்பினார். அதிர்வு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றியது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, நிலத்தில் பிளவு கண்டதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டார். யாருக்கு அனுப்பினார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பங்குக் குருமார்களுக்கு அனுப்பினார்! வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு விடை சொல்லியே பழகியவர்கள், உட்கார்ந்து, எண்ணிப் பார்த்து, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுத வேண்டியதாயிற்று. அந்த விடைத்தாள்கள் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்கவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அவற்றை மதிக்கிறார்கள். நகரத்தைத் திருப்பிக் கட்டியபோது, சுவருக்குள்ளே ஆடிக் கொடுக்கும் மரச்சட்டக் கூடு வைத்துக் கட்டினார்கள். மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவைத்து, அந்த அதிர்வைத் தாங்குகிறதா என்று சோதித்ததாகச் சொல்வார்கள். பணிந்து ஏற்றுக்கொண்டிருந்தால் பழைய சுவரையே பழையபடி எழுப்பிவிட்டு, அடுத்த திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள்.

தண்டனை என்று சொன்னவர்கள் எல்லாம் அறிவிலிகளா, காந்தியடிகளே சொல்லவில்லையா என்று எதிரணித் தலைவர் கேட்டார். சொன்னார், மறைக்க மாட்டேன். 1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரும் நேபாளமும் குலுங்கி, பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தியடிகள், சில நாட்களில் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை இது என்றார். நோக்கம் எவ்வளவு உயர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் தலைவர் பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டார். மீதியை நான் சொல்கிறேன். தாகூர் அதை எதிர்த்து எழுதினார். தீண்டாமையைக் காந்தியைப் போலவே வெறுத்த தாகூர், அறத்தையும் இயற்கை நிகழ்ச்சியையும் இப்படி முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்றும், இந்த வழியை எதிர்ப்பக்கத்தாரும் எளிதாக எடுத்துக்கொள்வார்கள் என்றும் எச்சரித்தார். சரிதானே? தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதற்குத்தான் இந்தத் தண்டனை என்று ஒரு வைதிகர் சொன்னால் அவரை எந்தத் துலாக்கோலில் நிறுத்தி மறுப்பது? அந்த இடிபாட்டில் தீண்டாமை பார்த்தவரும் புதைந்தார், தீண்டாமைக்கு ஆளானவரும் புதைந்தார். குற்றவாளிக்கும் அவனால் பாதிக்கப்பட்டவனுக்கும் சேர்த்து ஒரே தண்டனை வழங்கும் நீதிமன்றத்தை நடுவர் அவர்கள் எங்கேனும் பார்த்திருக்கிறீர்களா? இதில் காந்தியின் பெருமையும் உண்டு. தம்மை மறுத்துத் தாகூர் எழுதியதைத் தம்முடைய ஹரிஜன் இதழிலேயே அவர் வெளியிட்டார். கேள்வியை அடக்கவில்லை, அச்சிட்டார். ஆகவே எதிரணித் தலைவர் அழைத்துவந்த சாட்சியிலும் பாதி எங்களுக்குத்தான்.

எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் சாமர்த்தியமாக வேறு வழியில் வந்தார். கடவுளை ஏன் இழுக்கிறீர்கள், நிலநடுக்கம் கொல்வதில்லை, மனிதன் கட்டிய வீடுதான் கொல்கிறது என்றார். வோல்தேருக்கு மறுமொழியாகச் சிந்தனையாளர் ரூசோ எழுதியதும் இதுவே: ஆறு ஏழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்றார். இது வலிமையான வாதம், நான் மதிக்கிறேன். 2010-ஆம் ஆண்டு சனவரியில் ஹெய்ட்டியை 7.0 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. இறந்தவர் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் குறையாது, சில கணக்குகளில் மூன்று லட்சம் வரை போகிறது. அடுத்த மாதமே சிலி நாட்டை 8.8 அளவில் ஒன்று தாக்கியது. வெளிப்பட்ட ஆற்றலில் அது முன்னதைப் போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு. இறந்தவர் சில நூறு பேர். வறுமையும் கட்டட விதியும்தான் இடையில் நின்ற வேறுபாடு. நான் கேட்பது இவ்வளவுதான்: சிலி எப்படிக் கற்றது? 1960-இல் அந்நாட்டைப் புரட்டிப்போட்ட 9.5 அளவிலான நிலநடுக்கத்தை, கருவிகள் அளந்தவற்றிலேயே மிகப் பெரிய அதை, ஏற்றுக்கொண்டு அமைதியடைந்து கற்றதா? எந்தச் சுவர் ஏன் விழுந்தது, எந்தத் தூண் ஏன் நின்றது என்று கேட்டுக் கேட்டுக் கற்றது. மூன்றாம் பேச்சாளர் வந்து சேர்ந்த முடிவு கேட்பவர்கள் கண்டுபிடித்த முடிவு. ஏற்பவர் அணியில் உட்கார்ந்துகொண்டு அதை அவர் கடன் வாங்கியிருக்கிறார்.

பூமியின் மேலோடாகிய பாறைத் தட்டுகள் நகர்வதால்தான் மலை உண்டாகிறது, எரிமலைகள் கரியமில வாயுவை வெளியேற்றிப் பூமியின் வெப்பத்தைச் சமன் செய்கின்றன, அது பிடிக்காவிட்டால் தட்டுகள் நகராத செவ்வாயில் போய்க் குடியேறுங்கள் என்றும் அவர் சொன்னார். முதற்பகுதி நல்ல அறிவியல். செவ்வாயை மட்டும் அவர் தொட்டிருக்க வேண்டாம். 2018-இல் அங்கே போய் இறங்கிய இன்சைட் விண்கலம், அங்கும் நிலம் அதிர்வதைப் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறது. அங்கே நிலம் நடுங்குகிறது, அழுவதற்கு ஆளில்லை. இங்கே ஆளிருக்கிறது, அதனால் கேள்வியும் இருக்கிறது. தட்டு ஏன் நகர வேண்டும் என்பதற்கு அவர் விடை சொன்னார். நகரப்போகும் நாளும் நாழிகையும் தெரிந்த ஒருவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு விடை சொல்லவில்லை. எந்த நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று இன்றுவரை எந்த அறிவியலாளராலும் சொல்ல முடியாது. எல்லாம் அறிந்தவருக்குத் தெரியும். தலைப்பின் முழுக் கனமும் அந்த ஒரு அடைமொழியில்தான் இருக்கிறது. எதிரணியினர் மூவரும் அதை மெல்லத் தாண்டிப் போய்விட்டார்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்ராவின் கடலடியில் நிலம் உடைந்தது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில கரைகளை அலை எட்டுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் அங்கே இருந்தவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அப்போது அந்தக் கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஆனால் நிலம் உடைந்த இடத்துக்கு மிக அருகிலேயே சிமெலூ என்று ஒரு தீவு இருக்கிறது. அலை அங்கே சில நிமிடங்களில் வந்துவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. காரணம் ஒரு கதை. 1907-இல் அத்தீவில் நேர்ந்த ஒரு பேரலையை, நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு என்று, "ஸ்மோங்" என்ற பெயரில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லாம் அறிந்தவர் சொல்லாததை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் சொன்னார்கள். அந்தப் பாட்டியின் வாயிலிருந்து பேசியவரே இறைவன்தான் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும், அழகான பதில். அப்படியானால் மற்ற கரைகளில் அவருக்கு ஏன் ஒரு பாட்டிகூடக் கிடைக்கவில்லை என்ற கேள்வி உடனே எழுந்து நிற்கும். எழுந்து நிற்கத்தான் செய்கிறது.

நடுவரின் கை மணியை நோக்கிப் போவது எனக்குத் தெரிகிறது. அம்மையாரின் ஊசியை நான் இன்னும் முழுதாகப் பிடுங்கவில்லை. இன்னும் சில நிமிடங்கள் வேண்டும். எங்களைக் குழந்தைகள் என்றார் அல்லவா? இந்த மொழியில் எத்தனை குழந்தைகள் இப்படி அழுதிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் என்று ஒரு புலவர். ஒரு வீட்டில் சாவுப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், ஒருத்தி கண்ணீர் வடித்து நிற்கிறாள். இதைப் பார்த்த புலவர், இப்படிப் படைத்தானே அவன், "படைத்தோன் மன்றஅப் பண்பி லாளன்" என்று அடித்துச் சொல்கிறார். படைத்தவன் பண்பில்லாதவன்! அவரை ஊசிக்குப் பயந்தவர் என்று அம்மையார் சொல்வாரா? முதல் அதிகாரத்தையே கடவுளுக்குக் கொடுத்த திருவள்ளுவர், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று சபித்தாரே, அவரும் வளராத பிள்ளையா? திருநாவுக்கரசர் சூலை நோயில் துடித்தபோது, நான் அறிந்து என்ன கொடுமை செய்தேன், கூற்றுவனைப் போல் வருத்தும் இந்த நோயை ஏன் விலக்க மாட்டீர் என்று கேட்டார். வயிற்றுவலிக்காரர் ஒருவரின் அந்த முறையீட்டைத்தான் அவருடைய முதல் பதிகம் என்று போற்றி, இன்றும் கைகூப்பிப் பாடுகிறோம்.

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையும் எதிரணிக்கு உதவாது. மக்களையும் செல்வத்தையும் உடல் நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் நண்பர்கள் மூவர் வந்தார்கள். ஏழு நாட்கள் ஒன்றும் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், ஏற்றுக்கொள் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். யோபு ஏற்கவில்லை, கடவுளையே வழக்குக்கு அழைத்தார். முடிவில் கடவுள் யார்மீது சினந்தார்? தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மீது சினந்தார். என் அடியான் யோபுவைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்றார். எதிரணி நண்பர்கள் மூவர் என்பது தற்செயல்தான். நான் வேறெதுவும் சொல்லவில்லை.

கடைசியாக ஒருவர் மட்டும். சுந்தரர் கண்ணிழந்தார். பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறியதால் இழந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மற்றொரு கண்ணுக்காகத் திருவாரூருக்கு வந்து நின்றார். எதிரணியின் இலக்கணப்படி அவர் என்ன செய்திருக்க வேண்டும்? தவறு தம்முடையது, தண்டனை இறைவனுடையது, இருக்கும் ஒரு கண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பணிந்து திரும்பியிருக்க வேண்டும். அவர் பாடியது வேறு: "குற்றம் ஒன்றும் செய்த தில்லை, கொத்தை ஆக்கினீர், எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்." குருடாக்கிவிட்டீர், பழி உமக்குத்தான் என்றார். மற்றைக் கண்ணைத் தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்துபோம் என்று ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்த இறைவன் மறு கண்ணையும் கொடுத்தார்.

சத்தியத்தை மீறிய ஒருவருக்கு அவ்வளவு கேட்கும் உரிமை இருந்தது. ஒரு தவறும் செய்யாத மகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கரையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு அவளுடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய், வானத்தைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லட்டும். நீரே பழிப்பட்டீர் என்று சொல்லட்டும். அவளுக்குக் கண்ணும் திரும்பாது, மகளும் திரும்பமாட்டாள்; கேட்கும் வாய் ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருக்கிறது. அந்த வாயையும் மூடிக்கொண்டு பணிந்து ஏற்றுக்கொள் என்று அவளிடம் போய்ச் சொல்லும் துணிவு எதிரணியில் எவருக்கேனும் இருக்குமானால், அவர் முதலில் திருவாரூருக்குப் போய்ச் சுந்தரரின் வாயைப் பொத்திவிட்டு வரட்டும்.

நன்றி, வணக்கம்.